உடம்பிலேயே தங்கும் ஊசி

எண்பதுகளின் நடுவில் நான் ஒரு மருந்துக் கம்பெனியில் ரெப்பாக இருந்தேன். விழுப்புரம் தொடங்கி திண்டிவனம் வரைக்கும் என் ராஜ்யம். ராஜ்யம் என்பது என் மேனேஜர் சொன்ன வார்த்தை. என்னிடம் இருந்தது ஒரு தோல் பை, கழுத்தை நெரிக்கும் ஒரு டை, பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாக வீசுவதற்கு ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான். சித்திரை மாத வெயிலில் விக்கிரவாண்டி பஸ் நிறுத்தத்தில் டை கட்டிக்கொண்டு நின்ற பைத்தியங்கள் அந்தக் காலத்தில் இரண்டே பேர். ஒருவன் நான், இன்னொருவர் போட்டிக் கம்பெனிக்காரர்.

என் பையில் இருந்த சரக்குகளில் மகாராணி ஒரு ஊசி மருந்து. டி வைட்டமின். எண்ணெயில் கரைத்து, விரல் நீளக் கண்ணாடி ஆம்பூலில் அடைத்திருப்பார்கள். பார்க்கத் தேன் மாதிரி இருக்கும். ஒரு ஆம்பூல் போட்டால் மாதக்கணக்கில் தாங்கும். இதை டாக்டர்களிடம் எப்படிச் சொல்லி விற்க வேண்டும் என்று மெட்ராஸ் ஓட்டல் ஒன்றில் மூன்று நாள் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்கள். இன்றைக்கும் என்னைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டால் ஒப்பிப்பேன்.

"டாக்டர், பி வைட்டமின், சி வைட்டமின் எல்லாம் தண்ணியில கரையும். இன்னைக்குக் குடுத்தா நாளைக்கு மூத்திரத்துல போயிடும். ஏ, டி, இ, கே, இந்த நாலும் கொழுப்புல கரையும். போகாது டாக்டர். ஈரல்லயும் கொழுப்புலயும் போய் உக்காந்துக்கும். எங்க ஊசி உடம்பிலேயே தங்கும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்த வேண்டும், சொல்லி முடித்ததும் இரண்டு விநாடி பேசாமல் இருக்க வேண்டும். இது மேனேஜர் உத்தரவு. நானும் தாழ்த்தினேன், இரண்டு விநாடி வாயை மூடிக்கொண்டு நின்றேன். வந்த விருந்தாளி தங்கிக்கொண்டே போனால் வீடு என்ன ஆகும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வைட்டமின் தங்கிக்கொண்டே போனால் உடம்பு என்ன ஆகும் என்று அந்த மூன்று நாளில் ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஓட்டலில் சாப்பாடு பிரமாதமாக இருந்தது.

விழுப்புரம் டாக்டர்களுக்கு இந்த ஊசி ரொம்பப் பிடித்துப்போனது. காரணம் அவர்களல்ல, வருகிற ஜனங்கள். கோலியனூர் பக்கத்திலிருந்து மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களை எடுத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர், "மாத்திரையெல்லாம் வேணாம் சார், ஒரு ஊசி போட்டு வுடுங்க, ஜல்தியா போவணும்" என்பார். ஊசி போடாமல் அனுப்பினால் அடுத்த தடவை பக்கத்துத் தெரு டாக்டரிடம் போய்விடுவார். அப்படிப்பட்ட ஊரில் மஞ்சளாக, கெட்டியாக, போடும்போது சுருக்கென்று வலிக்கிற ஒரு ஊசி வந்தால் கேட்கவா வேண்டும்?

என் ராஜ்யத்தில் மசியாதவர் ஒரே ஒருவர்தான். திண்டிவனத்தில், மரக்காணம் போகிற சாலையில் கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டரம்மா. நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகத்தான் நம்மைப் பார்ப்பார். முதல் தடவை நான் ஒப்பித்து முடித்து, இரண்டு விநாடி மௌனமும் காத்தபோது, அந்த மௌனத்திலேயே கேட்டார்.

"வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கறது யாருன்னு பாத்தீங்களா?"

"பேஷன்ட்ஸ், மேடம்."

"மரக்காணம் உப்பளத்துல காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில்ல நிக்கிறவங்க. கட்டுமரம் ஓட்டறவங்க. இவங்களுக்குப் போய் வெயில்ல சும்மா கெடைக்கிற வைட்டமினை ஊசியில ஏத்தணுமா?"

நான் அசடு வழிந்தேன். அதற்கும் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

"இன்னொண்ணு. தங்கும் தங்கும்னு பெருமையா சொல்றீங்களே, டி போய் என்ன வேலை செய்யும்?"

"கால்சியத்தை எலும்புல சேர்க்கும், மேடம்."

"எலும்புல எடம் இல்லன்னா?"

டாக்டர்களுக்குக் காட்டக் கம்பெனி கொடுத்திருந்த படப் புத்தகத்தில் அதற்குப் பக்கம் இல்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அதில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அந்தத் தாத்தாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லா ஆடறாரு" என்றார். நான் மேசையில் வைத்த இரண்டு சாம்பிள் ஆம்பூல்களையும் விரலால் என் பக்கம் தள்ளினார். "எடுத்துக்கினு போங்க. இங்க இருந்தா யாராவது எடுத்துப் போட்டுத் தொலைப்பாங்க."

மாதத்துக்கு இரண்டு தடவை அவரைப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் இரண்டு சாம்பிள் கொடுக்க வேண்டும், கொடுத்ததை அன்றைய ரிப்போர்ட்டில் எழுத வேண்டும் என்பது கம்பெனி சட்டம். கொடுக்காமல் திருப்பினால், "இலவசமாக் குடுக்கறதையே குடுக்கத் தெரியாதவன் என்னத்த விப்ப?" என்பார் மேனேஜர். அதனால் ஒவ்வொரு தடவையும் "சாம்பிள் இரண்டு, பெற்றுக்கொண்டார்" என்று எழுதினேன். டாக்டரம்மா தள்ளிவிட்ட ஆம்பூல்கள் என் பையோடு திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரத்தில் எங்கள் வீட்டு அலமாரிக்கு வந்து சேர்ந்தன.

அந்த வீட்டில் என் அப்பா இருந்தார். விழுப்புரம் ஜங்ஷன் கேபினில் லீவர் இழுத்து ரிடையர் ஆனவர். தண்டவாளம் மாற்றுகிற அந்த இரும்புக் கம்பிகளை முப்பத்து சொச்சம் வருஷம் நின்று இழுத்ததில் இரண்டு முட்டியும் போயிருந்தன. ரயில்வேயைத் தவிர உலகத்தில் இருக்கிற எந்த வேலையையும் அவர் வேலை என்று ஒப்புக்கொண்டதில்லை. என் வேலையைப் பற்றி அவர் வைத்திருந்த அபிப்பிராயம் தெரு முழுக்கத் தெரியும்.

"இன்னாடா வேலை அது? படிச்சுட்டு, பை தூக்கிக்கினு, டாக்டர் வூட்டு வாசல்ல செருப்பு வுடற எடத்துல நிக்கிறது. ஒரு கொடி ஆட்டற வேலையாவது வாங்கியிருக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். இருபத்தாறு வயதில் அப்பா வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்க எவ்வளவு ஏங்கினேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் எழுந்தபோது, "அப்பா, எங்க கம்பெனி ஊசி ஒண்ணு போட்டுப் பாக்கறீங்களா? எலும்புக்குத்தான்" என்று கேட்டேன். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "சரி, போடு" என்றார்.

எங்கள் தெருவில் ஆஸ்பத்திரியிலிருந்து ரிடையர் ஆன கம்பவுண்டர் ஒருவர் இருந்தார். கண்ணாடி சிரிஞ்சைத் தகரப் பெட்டியில் போட்டுக் கொதிக்க வைத்து, ஆம்பூல் கழுத்தைச் சின்ன அரத்தால் அறுத்து, டப்பென்று உடைத்து, எண்ணெயை உறிஞ்சினார். கெட்டி மருந்து, மெதுவாகத்தான் இறங்கியது. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "ம், நல்லாத்தான் வலிக்குது. வீரியமான மருந்துதான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு நான் வானத்தில் பறந்தேன்.

மாதம் இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு ஆம்பூல். மாதத்துக்கு நாலு. ஞாயிற்றுக்கிழமையும் மாதத்துக்கு நாலு. இந்தப் பொருத்தத்தைப் பார்த்து எந்த டாக்டரும் எழுதித் தராத ஒரு சிகிச்சையை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து நடத்தினோம். சப்ளை வந்தால் தீர்க்க வேண்டும் என்பது அப்பாவின் ரயில்வே புத்தி. ஊசி என்றால் வாரம் ஒன்று வீதம் கோர்ஸாகத்தான் போட வேண்டும் என்பது கம்பவுண்டரின் அனுபவம். என் பங்குக்கு என்னிடம் இருந்தது ஒரே வாக்கியம். அம்மா ஒரு நாள், "ஏம்பா, வாரா வாரமா போடறது? ஒண்ணும் ஆவாதே?" என்று கேட்டபோது அதைச் சொன்னேன்.

"வைட்டமின்தானேம்மா. விஷமா?"

ஸ்டேஷன் பெஞ்சில் சாயங்காலம் கூடுகிற பழைய ரயில்வே ஆட்களிடம் அப்பா என் ஊசியைப் பற்றிப் பேசுகிறார் என்று கேள்விப்பட்டேன். "என் பையன் கம்பெனி சரக்கு" என்றாராம். போதாதா? எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்து மாதம் போனது. அப்பாவுக்குப் பசி குறைந்தது. வெளிக்குப் போவது நின்றுபோய் நாலு நாளைக்கு ஒரு தடவை என்றானது. தாகம் மட்டும் அடங்கவே இல்லை. சொம்பு சொம்பாகக் குடிப்பார், குடித்ததை விட அதிகமாக ஒண்ணுக்குப் போவார். அம்மா சர்க்கரை வியாதி என்று பயந்தாள். கம்பவுண்டர் சோதனைக் குழாயில் நீல மருந்தோடு மூத்திரத்தைக் கலந்து காய்ச்சிப் பார்த்தார். சர்க்கரை இருந்தால் நிறம் மாறுமாம். நீலம் நீலமாகவே நின்றது. "சர்க்கரையெல்லாம் இல்ல. வெறும் பலவீனம். எலும்புல சத்து பத்தல" என்று தீர்ப்பு வந்தது.

பலவீனம் என்றால் எங்கள் வீட்டில் சும்மா விடுவார்களா? காலையில் கேப்பைக் கூழ், பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் பால், மத்தியானம் மரக்காணத்து நெத்திலிக் கருவாடு, ராத்திரி மறுபடி பால். கால்சியம் எதில் எதில் இருக்கிறது என்று எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே. ஒவ்வொன்றாக நானே எழுதிக் கொடுத்து அம்மாவைச் செய்யச் சொன்னேன். அவர் வாந்தி எடுக்க எடுக்க நாங்கள் ஊட்டினோம். ஞாயிற்றுக்கிழமை ஊசியும் தவறவில்லை.

ஏழாவது மாதம் ஒரு சாயங்காலம் ஸ்டேஷன் பக்கமிருந்து ஊதல் கேட்டது. எங்கள் வீட்டில் கடிகாரமே தேவையில்லை. எந்த ஊதல் கேட்டாலும் அப்பா இன்ன வண்டி, இத்தனை நிமிஷம் லேட்டு என்று சொல்லிவிடுவார். அன்றைக்கு அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அது இன்னாடா சத்தம்?"

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். 

மறுநாளே அவரை விழுப்புரத்தில் என் பெரிய வாடிக்கையாளரான ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "அப்பாவா? மொதல்லயே சொல்லக் கூடாதா? உள்ள வாங்க, உள்ள வாங்க." நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், என் தோளைத் தட்டினார். "வயசாயிடுச்சில்ல, ஜெனரல் வீக்னஸ். வெண்ணெயைக் கையில வெச்சுக்கினு நெய்க்கு அலையறீங்களே சார்? உங்க ஊசியே இருக்குது. வாரத்துக்கு ஒண்ணு போடுங்க, ஜம்முனு ஆயிடுவாரு."

என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னார். இத்தனை நாள் சாம்பிளும் அன்பளிப்புமாக நான் அவரைச் சந்தோஷப்படுத்தியதற்குப் பதில் மரியாதை. வெளியே வந்து ரிக்ஷாவில் ஏறும்போது அப்பா சாக்கடை ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தார். அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றபோது திண்டிவனத்து டாக்டரம்மா கேட்டது என் காதில் விழுந்தது. எலும்பில் இடம் இல்லை என்றால்? என் சரக்கை வாங்காத ஒரே டாக்டரிடம்தான் அப்பாவை நம்பிக் கொண்டுபோக முடியும் என்று அந்தச் சாக்கடை ஓரத்தில் எனக்குப் புரிந்தது. என் தொழிலுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று வேறு என்ன வேண்டும்?

அடுத்த நாள் காலை பஸ்ஸில் அப்பாவை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். கையில் மஞ்சள் பை ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டதற்கு, "ரெக்கார்டு" என்றார். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் கொண்டுபோன தண்ணீர் தீர்ந்துவிட்டது. அங்கே இறங்கி ஒதுங்கிவிட்டு வர நேரமானது. கண்டக்டர், "பேஜாரா போச்சுப்பா உங்களோட" என்று விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அப்பா படியில் ஏறும்போது அவரிடம், "என்னால வண்டி லேட்டு, மன்னிச்சுக்கப்பா" என்றார். வாழ்நாளில் ஒரு வண்டியையும் தாமதப்படுத்தாத மனுஷர். 

டாக்டரம்மா என் பையைத்தான் முதலில் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். பார்த்ததும் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"என்ன மருந்து சாப்டறீங்க ஐயா?"

"ஒண்ணுமே இல்லம்மா. வெறும் வைட்டமின்தான்."

டாக்டரம்மாவின் கண் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என் பக்கம் திரும்பியது. நான் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தேன். தாகம், மலச்சிக்கல், வாந்தி, மறதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். முட்டியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தெருவில் எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். ஈரம் சொட்டச் சொட்ட கிளிப்பில் தொங்கிய படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

முட்டி எலும்பு இருந்தது. அதற்குப் பின்னால், சதைக்குள், இன்னொன்றும் இருந்தது. பென்சிலால் இழுத்த மாதிரி இரண்டு வெள்ளைக் கோடுகள், பக்கத்தில் பக்கத்தில், மேலிருந்து கீழ்வரை.

"அது இன்னாம்மா, இன்னொரு எலும்பா?" என்றார் அப்பா.

"இல்லைங்க ஐயா. ரத்தக் குழாய். சாதாரணமா படத்துல தெரியவே தெரியாது. கால்சியம் படிஞ்சதாலதான் தெரியுது. வயசானா கொஞ்சம் படியும். இவ்ளோ படியாது." என்னைப் பார்க்காமலே தொடர்ந்தார். "டி அளவோட இருந்தா எலும்புக்கு நல்லது. அளவு மீறினா ரத்தத்துல கால்சியம் ஏறிக்கினே போவும். எலும்புக்கு வேண்டியது போக மீதி எங்கயாவது எறங்கணுமே? ரத்தக் குழாய்ல, கிட்னியில எறங்கிடும். சமயத்துல எலும்புல இருக்கறதையும் உருவிக்கினு வந்துடும்."

அப்பா கழுத்தை நீட்டி அந்தக் கோடுகளைப் பார்த்தார். "இஞ்சின் பாய்லர் குழாய்ல உப்பு படியுமே, அந்த மாதிரியா?"

"அதேதான்."

"அப்படீன்னா வண்டி ஓடாதே" என்றார் அப்பா.

டாக்டரம்மா படத்தைக் கீழே இறக்கினார். "எத்தனை ஊசி போட்டீங்க?" என்று கேட்டார். அப்பா மஞ்சள் பையைத் திறந்து ஒரு ஊறுகாய் ஜாடியை மேசை மேல் வைத்தார். உள்ளே கழுத்து உடைந்த ஆம்பூல்கள். ஒன்றையும் தூக்கிப் போடாமல் கழுவி வைத்திருந்தார். வேலை முடிந்த சாமானை யாரிடமாவது ஒப்படைக்காமல் எறியக்கூடாது என்பது அவர் சர்வீஸ் பழக்கம். டாக்டரம்மா ஒரு காகிதத்தில் கொட்டி எண்ணினார். இருபத்தேழு இருந்தது.

"எங்க வாங்கினீங்க?"

"கடையில" என்றார் அப்பா சட்டென்று. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். காது சிவந்துவிட்டது.

டாக்டரம்மா ஒரு ஆம்பூலைத் திருப்பி, அதன் மேல் அச்சடித்திருந்ததை வாய்விட்டுப் படித்தார். "டாக்டர்களுக்கான மாதிரி. விற்பனைக்கு அல்ல." படித்துவிட்டுக் காத்திருந்தார். இரண்டு விநாடிக்கு மேலேயே காத்திருந்தார்.

"நான் குடுத்தது மேடம்" என்றேன்.  "உங்க பேர்ல வந்த சாம்பிள். நீங்க வாங்கிக்கினதா எழுதிட்டு வூட்டுக்கு எடுத்துக்கினு போயிட்டேன்."

"ஓ." அவர் ஆம்பூல்களை ஒவ்வொன்றாக ஜாடிக்குள் போட்டார். "அப்ப உங்க கம்பெனி கணக்குல இத்தனையும் போட்டது நான்தான். நல்லா இருக்குதுப்பா."

திட்டியிருந்தால் தேவலாம். அறைந்திருந்தால் இன்னும் தேவலாம்.

"பொழைச்சுக்குவாரா மேடம்?"

"கிட்னி எவ்ளோ கெட்டிருக்குன்னு தெரியல. லெட்டர் தர்றேன். இன்னைக்கே, இப்பவே பாண்டிக்குப் போங்க. வூட்டுக்குப் போய் வேட்டி எடுத்துக்கினு வர்றேன்னு சொல்லாதீங்க."

பாண்டி பெரிய ஆஸ்பத்திரியில் இருபது நாளுக்கு மேல் கிடந்தார். முதல் வாரம் யாரும் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. அம்மா கட்டிலுக்குக் கீழே சுருண்டு படுத்துக்கொண்டு, என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். குளுகோஸ் மாதிரி தொங்கவிட்டு உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள், மாத்திரை கொடுத்தார்கள், ரத்தம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். கால்சியம் ஒரு நாள் இறங்கும், மாத்திரையைக் கொஞ்சம் குறைத்தால் மறுபடி ஏறும். "ஊசிய நிறுத்தினா மட்டும் போதாது. கொழுப்புல தங்கியிருக்கறது கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்துக்கினே இருக்குது. மாசக்கணக்காகும்" என்றார் அங்கிருந்த டாக்டர். மெட்ராஸ் ஓட்டலில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை என்று என் அப்பாவின் உடம்பு நிரூபித்துக்கொண்டிருந்தது. நான் வராந்தாவில் நின்று என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன்.

பிழைத்தார். கிட்னி பழைய நிலைக்கு வரவில்லை, ஆனாலும் தாக்குப்பிடித்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பட்டியல் கொடுத்தார்கள். பால் கூடாது, கேப்பை கூடாது, கருவாடு கூடாது, கொஞ்ச நாளைக்கு வெயிலிலும் உட்காரக் கூடாது. சத்துக்காக நான் எழுதிக் கொடுத்த பட்டியலும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான், தலைப்பு மட்டும் மாறியிருந்தது. வாழ்நாள் முழுக்க ஜன்னல் திறந்த கேபினில் நின்ற மனுஷர் ஜன்னல் சாத்திய உள்ளறையில், தண்ணீர்ச் சொம்பும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

அந்த வேலையை அன்றைக்கே தூக்கி எறிந்தேன் என்று எழுத ஆசைதான். எறியவில்லை. ஊசியை என் பையிலிருந்து எடுத்துவிட்டு வேறு சரக்கைக் கொடுங்கள் என்று மேனேஜரிடம் கெஞ்சினேன். "மகாராணிய வேணாங்கறியே, உனக்கென்ன மூளை கீளை கெட்டுப்போச்சா?" என்று கேட்டுவிட்டு மாற்றிக் கொடுத்தார். சமீபத்தில்கூட ஒரு கிளினிக்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம் ரெப் ஒருவர், டி-யோடு கே-யும் சேர்த்து ஒரு மாத்திரை வந்திருப்பதாகவும், டி கொண்டுவருகிற கால்சியத்தை ரத்தக் குழாயில் தங்கவிடாமல் கே எலும்புக்கு வழிகாட்டி அனுப்பிவிடும் என்றும் எனக்கு விளக்கினார். இருக்கலாம். கே-க்கு அந்த வேலையும் உண்டு என்று நானும் படித்திருக்கிறேன். எத்தனை நாளைக்குச் சாப்பிட வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவர் தன் படப் புத்தகத்தைப் புரட்டினார்.

பாண்டியிலிருந்து வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. அப்பா உள்ளறையில் உட்கார்ந்திருந்தார். தெளிவு திரும்பியிருந்தது. ஸ்டேஷனில் ஊதல் கேட்டதும், "பாண்டி பாசஞ்சர், பத்து நிமிஷம் லேட்டு" என்றார். எனக்கு உயிர் வந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஏழு மாதமாகக் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

"அப்பா, நெஜமா சொல்லுங்க. அந்த ஊசி போட்டு முட்டி வலி கொறஞ்சுதா?"

"எங்க கொறஞ்சுது? மொத நாள் எப்பிடி இருந்துதோ அப்பிடியேதான் இருக்குது."

"அப்புறம் எதுக்குப்பா வாரா வாரம் போட்டுக்கினு இருந்தீங்க?"

அவர் முட்டியைத் தடவிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

"நீ ஆசையா எடுத்துக்கினு வந்த. உன் வேலைய நான் எத்தினி தபா ஏளனம் பேசியிருக்கேன்? ஊசியும் வேணாம்னு சொன்னா உன் மனசு இன்னா பாடு படும்?"

 என்னிடம் மருந்து வாங்கிய டாக்டர்கள் ஆயிரம் காரணத்துக்காக வாங்கினார்கள். எனக்காக மட்டும் வாங்கிக்கொண்டவர் இவர் ஒருத்தர்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரே பேச்சை மாற்றினார்.

"இப்ப இன்னா சரக்கு குடுத்திருக்கான் உன் மேனேஜர்?"

"இருமல் மருந்துப்பா."

"ஓஹோ" என்றார். சொம்பை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு கையால் தொண்டையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்குக்கூட ரெண்டு நாளா தொண்டை கரகரன்னுதான் இருக்குது."

சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, இரண்டு தடவை இருமிக் காட்டினார்.